ஏணி மாட்டும் உயரம்

இன்றைக்கு நிம்மதியாக உட்கார்ந்து இதைச் சொல்கிறேன். போன வாரம் யாராவது ஏணி என்று ஆரம்பித்திருந்தால் அவர்கள் மேல் எரிந்து விழுந்திருப்பேன்.

எங்கள் கார் ஷெட்டில் மூன்று ஏணிகள் உண்டு. இரண்டு சின்னவை. ஒன்று, இழுத்தால் இரண்டு மடங்காக நீளும் பெரிய அலுமினிய ஏணி. மூன்றும் என் வீட்டுக்காரருடையவை. அவர் கட்டடங்களுக்கு வெளிப்பூச்சு அடிக்கிற பெயிண்டர். வேலை ஓடுகிற காலத்தில் ஏணிகள் வீட்டில் தங்கவே தங்காது. காண்ட்ராக்டரின் வண்டியில் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். அவர் மேலேயிருந்து விழுந்து வலது தோளை உடைத்துக்கொண்ட பிறகு மூன்றும் வீட்டோடு வந்துவிட்டன. மாதக் கணக்கில் ஷெட் சுவரில் சாய்ந்து நின்றன. போன வெள்ளிக்கிழமை காலை நான் கார் கதவைத் திறந்தபோது அது பெரியதன் காலில் இடித்திருக்க வேண்டும். ஏணி மெதுவாகச் சரிந்து வந்து, டிரைவர் பக்க சைடு மிரரை உடைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதது போலத் தரையில் படுத்துக்கொண்டது.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எத்தனையோ பேர் என் காரை மரத்திலும் மதிலிலும் கொண்டுபோய் முட்டப் பார்த்திருக்கிறார்கள். ஒருவரையும் நான் முட்ட விட்டதில்லை. அப்படிப்பட்ட காருக்கு சொந்த வீட்டுக்குள் அடிபட்டால் எப்படி இருக்கும்? பொறுமைசாலி என்று என்னிடம் படிப்பவர்கள் என்னைப் புகழ்வார்கள். இருக்கிற பொறுமை எல்லாம் காரிலேயே தீர்ந்துபோவதால் வீட்டுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. அன்று காலை கத்தித் தீர்த்தேன்.

"சரி சரி, நாளைக்கே கொக்கி வாங்கி சுவத்துல மாட்டிடலாம்," என்றார் அவர். "எப்படியும் திங்கட்கிழமையிலேருந்து ஏணி தேவைப்படும்."

கத்திக்கொண்டிருந்தவள் அந்தத் திங்கட்கிழமை என்ற சொல்லில் வாயடைத்துப் போனேன்.

தோளில் தகடு வைத்து அனுப்பும்போது டாக்டர் ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தார். வலது கை முழுதாகத் தலைக்கு மேலே போகிறவரை ஏணிப் பக்கமே போகக்கூடாது. கால் வழுக்கினால் மேலே எதையாவது எட்டிப் பிடிக்க வேண்டும். கை போகாவிட்டால் மறுபடியும் தரைதான், இந்த முறை தோளோடு நிற்காது என்றார். கடைசியாக டாக்டரைப் பார்க்கப் போனபோது நான் கூடப் போகவில்லை. என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு அன்று லைசென்ஸ் டெஸ்ட். இவர் தனியாகப் போய்விட்டு வந்து, "எல்லாம் சரியாயிடுச்சு. ஏறலாம்னுட்டார்," என்று சொல்லிவிட்டு டிவி பார்க்க உட்கார்ந்துவிட்டார். அடுத்த நாளே காண்ட்ராக்டரின் அழைப்பு வந்தது. திங்கட்கிழமை மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை ஆரம்பம்.

எனக்கு நம்பவும் முடியவில்லை, நம்பவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லவும் முடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் உப்புக்கும் பெட்ரோலுக்கும் நாள் முழுக்கச் சண்டை போடுவோம். பயப்படுகிற விஷயம் என்று வந்துவிட்டால் மட்டும் இருவர் வாய்க்கும் பூட்டு. ஒரே ஒரு தடவை, "நிஜமா சரியாயிடுச்சா?" என்று கேட்டேன். "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்றார்.

சனிக்கிழமை காலை இருவரும் ஹார்டுவேர் கடைக்குப் போனோம். கடைக்காரம்மா கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தி, ஆணிகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏணி மாட்டக் கொக்கி வேணும். நல்ல கனமானதா குடுங்க," என்றேன்.

"கனமான ஏணியா, கனமான கொக்கியா?"

"ரெண்டும்தான்."

மூன்று வகை எடுத்துப் போட்டார். முதல் வகை என் சுண்டு விரல் தடிமன் இருந்தது. "இதுல தொப்பி மாட்டலாம்," என்று என் வீட்டுக்காரர் அதை ஓரமாகத் தள்ளினார். இரண்டாவது, அகலமான இரும்புத் தகட்டில் பற்றவைத்த வளைந்த கொக்கி. ஏணியில் கீறல் விழாதபடி மேலே ரப்பர் உறை, நுனியில் சின்ன மேடு. மூன்றாவது, சுவரில் நீளமாக ஒரு கம்பியைப் பதித்து, அதில் கொக்கிகளை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொள்கிற வகை. பார்க்கப் பகட்டாக இருந்தது. அவர் கொக்கியை ஆட்டிப் பார்த்தார், லொடலொடவென்று ஆடியது. திரும்ப வைத்துவிட்டார்.

"அந்த ரப்பர் போட்டது எவ்வளவு தாங்கும்?" என்றேன்.

"அட்டையில போட்டிருக்கிற எடை, சும்மா தொங்குற எடை," என்றார் கடைக்காரம்மா. "மேலேருந்து தொப்புனு போட்டா அது வேற. அதனால ஏணி இருக்கிற எடைக்கு ரொம்ப மேலேயே தாங்குறதா எடுக்கணும். நீளமானதுக்கு ரெண்டு போதாது, நடுவுல ஒண்ணு போடுங்க. போல்ட் பூச்சோட நிக்கக் கூடாது, செங்கல்ல போய்ப் பிடிக்கணும். சந்தேகமா இருந்தா அந்தத் தூண்ல ஒண்ணு அடிச்சு வெச்சிருக்கேன், இழுத்துப் பாருங்க."

இழுத்துப் பார்ப்பதெல்லாம் எனக்குப் போதாது. இரண்டு கையாலும் கொக்கியைப் பிடித்துக் காலை மடக்கித் தொங்கினேன். கொக்கி அசையவில்லை. எங்கள் வீட்டில் நான் ஒன்றும் பஞ்சு மூட்டை இல்லை என்பதால் எனக்கே பெருமையாக இருந்தது.

"இறங்கு," என்றார் என் வீட்டுக்காரர்.

கேலியாகச் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஆடினேன்.

"இறங்குன்னு சொல்றேன்ல."

குரல் மாறியிருந்தது. இறங்கிப் பார்த்தால் அவர் முகத்தில் ரத்தமே இல்லை. தரையிலிருந்து என் கால் ஒரு சாண் உயரம்கூட எழும்பியிருக்காது. கடைக்காரம்மா கண்ணாடிக்கு மேலாக எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏணியை அடிக்கடி எடுப்பீங்களா? இல்ல, மாட்டினா மாட்டினதுதானா?" என்று கேட்டார். "மாட்டினதுதான்னா நுனி உயரமா இருக்கிறது தர்றேன்."

மாட்டினதுதான் என்று அவர் சொல்லிவிடமாட்டாரா என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தினமும் எடுப்பேன்," என்றார்.

ரப்பர் உறை போட்ட கொக்கிகளும் செங்கல் சுவருக்கான ஆங்கர் போல்ட்டுகளும் வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

எங்கள் வீட்டில் எதையாவது சுவரில் மாட்டுவது எப்படி என்று இங்கே சொல்லியாக வேண்டும். அளக்கிற டேப் வீட்டில் இருக்கிறது, பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. இவர் சுவரோடு மார்பு ஒட்ட நிற்பார். வலது கையை நேராக மேலே தூக்குவார். விரல் நுனி படுகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. அவ்வளவுதான் அளவு. தரையில் நின்றபடி கை எட்டுகிறவரை ஒரு பட்டை, அதற்கு மேல் ஏணி போட்டு ஒரு பட்டை என்று சுவரைப் பிரித்து அடித்துப் பழகிய கை. கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் கோடு ஒரு விரல்கூடப் பிசகாது. அதனால் எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரி, முகம் பார்க்கும் கண்ணாடி, துணி போடும் கம்பி, சாவி மாட்டும் ஆணி எல்லாமே அவர் கை எட்டுகிற உயரத்தில்தான் இருக்கின்றன. நான் அவர் தோளுக்குக் கீழே நிற்கிறவள். கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு ஸ்டூலையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் குடும்பம் நடத்துகிறேன்.

கடையிலிருந்து அவரை வீட்டில் இறக்கிவிட்டு ஒரு வகுப்புக்குப் போனேன். திரும்பி வந்து காரை வெளியிலேயே நிறுத்திவிட்டு ஷெட்டுக்குள் போனபோது சுவரில் கோடுகள் போட்டாகியிருந்தது. டிரில்லை என் கையில் கொடுத்தார்.

"நானா?"

"எத்தனை பேருக்கு நீ கத்துக்குடுக்கறே. இன்னைக்கு நீ கத்துக்கோ. நான் தூசியை உறிஞ்சிக்கறேன்."

வழக்கம்போல ஸ்டூலை எடுக்கப் போனேன். தேவையே இருக்கவில்லை. கோடு என் கண்ணுக்கு நேரே இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்காதீர்கள்.

"பரவாயில்லையே. இத்தனை வருஷம் கழிச்சு என் உயரம் ஞாபகம் வந்துச்சா?"

"ம்," என்றார். கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "கீழே இருந்தா எடுக்கறதுக்கு வசதி," என்றார்.

துளை போட்டேன். முதல் துளையில் வெள்ளைப் பூச்சுத் தூள் கொட்டியது, பிறகு செங்கல் சிவப்பு. செங்கல் வந்ததும் தைரியம் வந்தது. போல்ட்டைத் தட்டி இறக்கி, கொக்கியைப் பொருத்தி, ஸ்பேனரால் முறுக்கினேன். மூன்றையும் முடித்ததும் ஆளுக்கு ஒரு முனையாகப் பெரிய ஏணியைத் தூக்கி மாட்டினோம். கம்பீரமாகத் தொங்கியது. ஒரு கையால் அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. அந்தப் பூரிப்போடு போய்க் காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்திக் கதவைத் திறந்தேன். டங்கென்று ஏணியில் இடித்தது. ஒரு கை நுழையும் அளவுக்குக்கூடக் கதவு திறக்கவில்லை.

காருக்குள் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே, என் முகத்துக்கு நேராக ஏணி. வாயில் நல்ல வசவு ஒன்று தயாராக இருந்தது. இந்த மனுஷனுக்கு ஒரு கோடு ஒழுங்காகப் போடத் தெரியவில்லையே என்று ஆரம்பிக்க இருந்தேன். ஆரம்பிக்கும் முன்பே எனக்குள் எங்கோ சில்லிட்டது. இவருக்குக் கோடு தப்பாதே. என் உயரம் எந்தக் காலத்தில் இவருக்கு ஞாபகம் வந்தது? அந்தக் கை எதுவரை போனதோ அங்கேதான் கோடு விழுந்திருக்கிறது.

அடுத்த பக்கக் கதவு வழியாக ஊர்ந்து இறங்கினேன். அவர் ஷெட் வாசலில் தூசி உறிஞ்சியின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"கையைத் தூக்குங்க," என்றேன்.

"எதுக்கு? போலீஸா நீ?"

"தூக்குங்க."

இடது கையைத் தூக்கினார்.

"வலது கை."

இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, முதுகை வளைத்து என்னென்னவோ செய்தார். கை மேலே போவது போலத்தான் தெரிந்தது. இத்தனை நாளும் வீட்டுக்குள் என்னை இப்படித்தான் ஏமாற்றியிருக்கிறார். அவரைப் பிடித்து, ஏணி முடிகிற இடத்துக்கு அப்பால் வாசல் ஓரச் சுவரோடு மார்பு ஒட்ட நிறுத்தினேன். சாய இடம் இல்லை. கை சுவரை ஒட்டி எழும்பியது, நெஞ்சு உயரம் வந்தது, தோளைத் தாண்டாமல் நின்றது. விரல் நுனி, கொக்கிகளுக்காக அவர் போட்ட கோட்டின் உயரத்திலேயே இருந்தது.

"அவ்வளவுதான் வருது," என்றார் சுவரைப் பார்த்தபடி.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"இன்னும் ஆகலன்னார். இதுக்கு மேல வருமான்னே தெரியலன்னார்."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட பொய் சொன்னீங்க?"

அவர் அங்கேயே பெயிண்ட் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "நீ காலையில போனா இருட்டினப்புறம் வர்றே. நான் வீட்டுல உட்கார்ந்து சுவத்தைப் பார்த்துட்டிருக்கேன். எத்தனை நாளைக்கு? நம்ம காண்ட்ராக்டர் வேற மரியாதையா இடம் வெச்சு கூப்பிடறான். எப்படி முடியாதுன்னு சொல்றது?" வலது கையை மடியில் வைத்துப் பார்த்தார். "பிரச்சனை கைகூட இல்ல. எனக்குப் பயமா இருக்கு. கடையில நீ தொங்கினியே, என்னால பார்க்கவே முடியல. திங்கட்கிழமை மழை கொட்டணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன்."

பொய் சொன்னதற்குப் பெரிய சண்டை போட்டிருக்க வேண்டியவள் நான். எனக்கு வந்தது அழுகை. அழுகையோடு சிரிப்பும் வந்து தொலைத்தது. அவருக்கும் பயம் என்று தெரிந்ததில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அப்பாடா, இவர் ஏறமாட்டார். நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ எடுத்து வெளியே போட்டது போல இருந்தது. அவர் பக்கத்தில் இன்னொரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நானும்தான் பயந்து செத்துட்டிருந்தேன்," என்றேன்.

"அப்போ சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க நம்பிக்கை இல்லையான்னு கேட்டீங்க."

"கேட்டா? இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல?"

இவரோடு எப்படிக் குடும்பம் நடத்துகிறேன் என்று எனக்கே சில சமயம் ஆச்சரியமாக இருக்கும்.

காண்ட்ராக்டருக்கு அப்போதே சொல்லிவிட வேண்டும் என்றேன். விட்டால் மனசு மாறிவிடும் என்ற பயம் எனக்கு. அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுக் காரின் பானெட் மேல் வைத்தார். காண்ட்ராக்டர் எங்களைவிட வயதில் சின்னவர். அண்ணே, அண்ணி என்றுதான் கூப்பிடுவார்.

"தம்பி, திங்கட்கிழமை என்னால ஏற முடியாது. தோள் சரியாகல. உன்கிட்ட சரியாயிடுச்சுன்னு சொன்னது பொய்."

லைன் போய்விட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன்.

"அண்ணே," என்றது குரல், "இப்பதான் எனக்கு உயிர் வந்துச்சு. உங்களைக் கூப்பிடாம விட்டா, விழுந்த ஆளைக் கழட்டி விட்டுட்டான்னு நெனப்பீங்க. கூப்பிட்டா நீங்க ஏறணும். நீங்க வர்றேன்னு சொன்னதிலேருந்து எனக்குத் தூக்கமே இல்லண்ணே."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மூன்று பேருக்கும் ஒரே பயம். ஒருவர் மனசு நோகக்கூடாது என்று மற்றவர் வாயை மூடிக்கொண்டு, மூன்று பேருமாகச் சேர்ந்து அவரை ஏணியில் ஏற்றிவிடப் பார்த்திருக்கிறோம்.

"இன்னொன்னு சொல்லணும்," என்றார் காண்ட்ராக்டர். குரல் இறங்கியிருந்தது. "அன்னைக்கு ஏணியைக் கீழே பிடிச்சிட்டிருந்தது நான்தானே. எனக்கு ஒரு போன் வந்துச்சு. எடுக்கறதுக்காக ஒரு கையை விட்டேன். அப்பதான் ஏணி நகர்ந்துச்சு. இதை நான் யார்கிட்டயும் சொல்லல."

"தெரியும்," என்றார் என் வீட்டுக்காரர். "மேலேருந்து பார்த்தேன்."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. ஏணி எப்படி நழுவியது என்று நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன். தரை ஈரம், தரை ஈரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பானெட் பக்கம் பாய்ந்து இரண்டு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். போனிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

"ஏண்ணே சொல்லல?"

"உனக்கே தெரியுமே. நான் வேற சொல்லணுமா?"

என் வீட்டுக்காரர் போனைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"தம்பி, திங்கட்கிழமை நான் வர்றேன். ஏற மாட்டேன். கீழே ஏணியைப் பிடிச்சுக்கறேன். அதுக்குக் கை இவ்வளவு தூக்கினா போதும்."

"வாங்கண்ணே," என்றார் காண்ட்ராக்டர்.

அன்று இரவு அவர் தலையணையில் தலை வைத்ததுதான் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வெயில் சுள்ளென்று ஏறியும் எழுந்திருக்கவில்லை. நானும் எழுப்பவில்லை. மத்தியானம் கொக்கிகளைக் கழற்றி மேலே மாற்றினோம்; டேப்பால் அளந்து, நான் கோடு போட்டு, நான் துளைத்தேன். பழைய துளைகளை அவர் பட்டி வைத்து அடைத்தார். நெஞ்சு உயரத்தில் இருந்ததால் நன்றாகவே தேய்த்தார்.

திங்கட்கிழமை மழை இல்லை. என்னிடம் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பல் டாக்டருக்குக் காலை வகுப்பு. ஸ்டியரிங்கை யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடப்போகிறார்கள் என்பது போலப் பிடிப்பார் அவர். பாடத்துக்குத் தேவையே இல்லாத ஒரு தெருவுக்கு அவரைத் திருப்பச் சொன்னேன். கட்டடம் தெரிந்ததும் எதிர்ப்பக்கம் ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

பழக்க தோஷம், என் கண் முதலில் மேலேதான் போனது. ஏணி உச்சியில் யாரோ ஒருவர் ரோலரை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஏணியின் வழியே கண்ணைக் கீழே இறக்கினேன். என் வீட்டுக்காரர் தரையில் நின்றார். ஏணியின் கீழ்ப்படியில் ஒரு காலை அழுத்தி ஊன்றியிருந்தார். இரண்டு கையும் நெஞ்சு உயரத்தில் ஏணியின் இரண்டு பக்கத்தையும் பிடித்திருந்தன. கழுத்தை அண்ணாந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் குரலைக் கேட்க வேண்டும் போல இருந்தது. என்ன நினைத்தேனோ, போனை எடுத்து அழைத்துவிட்டேன். மணி அடிக்க ஆரம்பித்த பிறகுதான் என்ன காரியம் செய்கிறேன் என்று உறைத்தது. அவர் சட்டைப் பையில் போன் வெளிச்சமாகத் துடிப்பது சாலைக்கு இந்தப் பக்கம் வரை தெரிந்தது. உடனே நிறுத்தியிருக்க வேண்டும், விரல் அசையவில்லை.

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு கையும் இருந்த இடத்திலேயே இருந்தன. போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"ஏதாவது அவசரமா? எடுக்கலையா?" என்று பல் டாக்டர் கேட்டார்.

"எடுக்கல," என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியை எடுக்கச் சொன்னேன்.